இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கொலைச் செய்தி: அதைப் புத்தகமாக எழுத முயல்கிறேன், வழியறிந்தவர்களின் கருத்து வேண்டும்

பதிவு 1 | கல்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். தமிழ் நாளிதழ் ஒன்றில் குமரி மாவட்ட நிருபராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு வெளியே வந்தேன். இப்போது ஒரு கொலை வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வழியில் நின்றுவிட்டதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். வழக்கை அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே தரமாட்டேன். யாரும் ஊகித்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்குளம் வட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் உடலைத் தோட்டத்து ஓரத்தில் கண்டார்கள். நான் அப்போது பகுதிநேர நிருபர். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் செய்தி போய்விட வேண்டும். நான்கரை மணிக்குக் காவல் நிலைய வாசலில் ஓர் அதிகாரி, தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, தகாத உறவுதான் காரணம், பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டோம், அவரும் ஒத்துக்கொண்டார் என்றார். மறுநாள் என் செய்தி ‘போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பில் வந்தது. தலைப்பை வைத்தது அலுவலகம். அதன் கீழே இருந்த வரிகள் எல்லாம் என்னுடையவை.

பிடிபட்டவர் விசாரணைக் கைதியாகப் பதினான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அமர்வு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. நான் அந்த வாரம் தேர்தல் வேலையில் இருந்தேன்; தீர்ப்பு வந்ததே எனக்குத் தெரியாது. வேறொரு வழக்குக்காக நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் காத்துக்கிடந்த ஒரு நாளில், பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டு தீர்ப்பின் நகலைத் தேடி வாங்கினேன். நாற்பத்தொரு பக்கங்கள். அரசுத் தரப்பு சொன்ன காரணம் இரு வீட்டாருக்கும் இடையே இருந்த வழிப்பாதைத் தகராறு. ‘தகாத உறவு’ என்ற சொல் அந்த நாற்பத்தொரு பக்கங்களில் ஓர் இடத்திலும் இல்லை. முதல் தகவல் அறிக்கையில் இல்லை. எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில்கூட யாரும் கேட்கவில்லை. ஊரில் இன்றும் அந்தக் கொலையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது அந்தக் காரணத்தைத்தான். அது ஊருக்குள் போனது என் செய்தியின் வழியாக.

அந்தத் தீர்ப்பைப் படித்த இரவில்தான் புத்தகம் எழுதத் தீர்மானித்தேன். யார் கொன்றார்கள் என்று கண்டுபிடிப்பது என் நோக்கமன்று; எனக்கு அது முடியவும் முடியாது. அந்தப் பெண்ணின் மரணத்தைப் பற்றி எழுத்தில் இருப்பவை எவை, ஊர்ப் பேச்சில் இருப்பவை எவை, இரண்டுக்கும் இடையிலான தூரம் எப்படி உண்டானது என்பதை எழுத விரும்புகிறேன். என்னிடம் தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சில சாட்சியங்கள் ஆகியவற்றின் நகல்கள் இருக்கின்றன. விடுதலையான ஒருவரைப் பற்றி எந்த அளவுக்கு எழுதலாம், மீதி ஆவணங்களை எப்படிப் பெறுவது, அடிப்படையில் இதை நான் எழுதலாமா என்பவை என் கேள்விகள்.

பதிவு 2 | நாகர்கோவில் வக்கீல்

அண்ணன், உங்கள் செய்தியின் தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சட்டம் மிகத் தெளிவாகப் பேசும் இடம் அதுதான். காவல் துறை அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் அதே விதி 23ஆவது பிரிவில் இருக்கிறது. அப்படிச் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். பரபரப்பு வாக்குமூலம் என்று நாம் காலையில் காப்பி குடித்தபடி படிக்கும் செய்தியில் பெரும்பகுதி, நீதிபதி பார்க்கவே கூடாத ஒன்று. ஊர் மட்டும் அதைப் பார்த்துவிடுகிறது.

ஆவணங்களைப் பற்றி. தீர்ப்புகளும் வழக்கின் நிலையும் நீதிமன்றங்களின் இணையதளத்தில் கிடைக்கின்றன; ஆனால் உங்கள் வழக்கு பழையது, அதனால் நேரில்தான் போக வேண்டும். நீங்கள் வழக்கில் தரப்பினர் அல்லர். எனவே நகல் ஏன் வேண்டும் என்பதைக் காரணத்தோடும் பிரமாணப் பத்திரத்தோடும் எழுதி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமே என்று பலர் சொல்வார்கள். நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது; அந்த வழியில் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னொன்று, முடிந்த வழக்குகளின் ஆவணக் கட்டுகள் என்றென்றைக்கும் பாதுகாக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். தாமதிக்க வேண்டாம்.

எழுதும் உரிமைக்கு நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்தே பிறந்தது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிவருவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் அனுமதியின்றி எழுதக் கூடாது என்றும், நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு எழுதுவதற்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் சொன்னது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரை வெளியிடக் கூடாது என்ற விலக்கையும் சேர்த்தே சொன்னது. அதன் பொருள், ஆவணம் காட்டும் எல்லை வரை நீங்கள் பத்திரமாக நடக்கலாம். ஆவணத்தைத் தாண்டி ஒருவருடைய வீட்டுக்குள் நுழைந்தால் அவருடைய அனுமதியோடு நுழைய வேண்டும்.

விடுதலையானவரைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன். அவர்தான் செய்தார் என்று தோன்றும்படி எழுதினால் அது அவதூறு. தோன்றும்படி எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டாலும் அவதூறுதான்.

பதிவு 3 | ஓய்வுபெற்ற ஏட்டு

நிருபர் சார், நான் இந்த மாவட்டத்தில் நான்கு காவல் நிலையங்களில் ரைட்டராக, அதாவது நிலைய எழுத்தராக, இருந்தவன். பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் எங்களிடம் கேட்பது ‘காரணம் என்ன’ என்ற கேள்வியைத்தான். முதல் நாளில் அதற்கு விடை எங்களுக்கே தெரியாது. தெரிந்ததுபோல் ஒருவர் சொல்வார், அவ்வளவுதான். புத்தகம் எழுதுகிறவர் கேட்க வேண்டியவை வேறு.

முதல் தகவல் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பார்கள். அந்த அறிக்கை நீதித்துறை நடுவருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நடுவர் தன் கைப்பட அதில் குறித்துக் கையொப்பமிடுவார். நிலையத்தில் பதிவான நேரத்துக்கும் அந்தக் குறிப்புக்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அந்த இடைவெளிக்குப் பதில் சொல்ல முடியாமல் எங்கள் வழக்குகள் விழுந்திருக்கின்றன. அடுத்தது, சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் தோராய வரைபடமும். தெரு விளக்கு எங்கே இருந்தது, கிணறு எங்கே, வீட்டிலிருந்து இடம் எத்தனை அடி என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘நான் நேரில் பார்த்தேன்’ என்று சொல்லும் சாட்சியை அந்த வரைபடத்தில் நிறுத்திப் பாருங்கள். நம் ஊர் ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஒரு வரிசைக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாது. பால் வெட்டப் போனவர்களுக்கு இது தெரியும். எழுதுகிறவரும் அதே நேரத்தில் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

விசாரணை அதிகாரி எழுதிவரும் வழக்கு நாட்குறிப்பைக் கேட்காதீர்கள். அது எதிரி தரப்புக்கே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கே, கிடைக்காது. யாராவது இரகசியமாக எடுத்துத் தருகிறேன் என்றால் வாங்கவும் வேண்டாம். அதை வைத்து எழுதிய பக்கத்துக்கு நாளை நீங்கள் ஆதாரம் காட்ட முடியாது.

பதிவு 4 | கல்குளத்தான்

ஏட்டு ஐயா சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் தகவல் அறிக்கை நிலையத்தில் பதிவான நேரம் காலை 8.30 மணி. நடுவரின் குறிப்பு அறிக்கையின் இடது ஓரத்தில் சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. நீல மை நகலில் சாம்பல் நிறமாகியிருக்கிறது. இரவு 7.10 மணி. நான் இதை இத்தனை நாளும் கவனித்ததில்லை. என் செய்தி ஐந்து மணிக்குப் போனது. கொலைக்குக் காரணம் இன்னது என்று நான் எழுதி அனுப்பியபோது, இப்படி ஒரு கொலை நடந்தது என்ற தாளே நடுவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நான்கு முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். இப்போது அது எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இந்தக் கடன் உங்களுடையது, ஐயா.

சாட்சியங்களைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட ஒரு சிக்கலையும் சொல்கிறேன், இனி எழுதப்போகிறவர்களுக்கு உதவும். நம் நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதைக் கேள்வியும் பதிலுமாக எழுதுவது அரிது. எல்லாவற்றையும் சாட்சியே தொடர்ச்சியாகப் பேசியதுபோல எழுதுவார்கள். ‘நான் மேற்படி ஊரில் குடியிருந்து வருகிறேன், எதிரியை எனக்குத் தெரியும்’ என்று தொடங்கும். குறுக்கு விசாரணை வந்ததும் ‘சம்பவ நேரத்தில் நான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சரியல்ல’ என்று வரும். கேட்ட கேள்வி அந்தப் பதிலுக்குள் புதைந்திருக்கிறது. தோண்டி எடுக்க வேண்டும். இந்த வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டு அவர் இப்படிப் பேசினார் என்று எழுதினால் அது பொய்யாகும், ஏனென்றால் ஒரு பால் வெட்டும் தொழிலாளி தன் வாழ்நாளில் ‘மேற்படி’ என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார். அந்தத் தமிழ் எழுத்தருடையது. அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை உயிரோடிருக்கும் சாட்சிகளிடம் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் இறந்துவிட்டார்கள்.

‘எதிரி’ என்ற சொல்லும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழ் எதிரி என்றே அழைக்கிறது. பழக்கத்தில் யாருக்கும் உறுத்துவதில்லை. நாற்பத்தொரு பக்கங்களில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘எதிரி குற்றவாளி அல்ல’ என்று படிக்கும்போதுதான், அதுவரை அவரை நான் யாருக்கோ பகைவராகவே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. புத்தகத்தில் அவரை ஒரு மாற்றுப் பெயரால் அழைக்கிறேன். அந்தச் சொல் ஆவணத்தின் மேற்கோளில் மட்டும் வரும்.

பதிவு 5 | ஒழுகினசேரி டீச்சர்

தம்பி, உன் பதிவுகளைப் படிக்கும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய வழக்கு நினைவுக்கு வருகிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். ‘இந்துநேசன்’ பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதாகி, 1945 மே மாதத்தில் ஜூரிகளின் முன் நடந்த விசாரணையில் தண்டிக்கப்பட்டார். அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போயின. மணிமேடையில் நிற்கும் கலைவாணர் சிலையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிலையைப் பார்த்து அவருடைய சிரிப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். சிறையைப் பற்றிச் சொன்னதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வழக்கில் கொல்லப்பட்டவரே பிறருடைய அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர். ஊர்ப்பேச்சை அச்சில் ஏற்றுவது எத்தனை பேரைத் தீண்டும் என்பதற்குத் தமிழில் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. குற்றத்தைப் பற்றி எழுதுவது நமக்குப் புதிதன்று. கொலைச்சிந்து என்று சிறு பிரசுரங்கள் சந்தையிலும் ரயிலிலும் விற்ற காலம் ஒன்று உண்டு. நடந்த கொலையை ஊர்ப்பெயரோடு பாட்டாக்கி, பாடிக்கொண்டே விற்பார்கள். அந்தச் சிந்துகளிலும் பெண் கொல்லப்பட்டால் அவளுடைய நடத்தையைப் பற்றிய வரி தவறாமல் வரும். உன் செய்தி அந்த மரபில் வந்ததுதான்.

ஆனால் நம் மாவட்டத்துக்கு இன்னொரு மரபும் இருக்கிறது. கள்ளியங்காட்டு நீலியை எடுத்துக்கொள். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாடும்போது கொல்லப்பட்டவளே வந்து நியாயம் கேட்கிறாள். வெட்டுப்பட்டும் வஞ்சிக்கப்பட்டும் செத்த எத்தனையோ பேர் இங்கே பீடம் கொண்டு தெய்வமாக நிற்கிறார்கள். அவர்களுடைய கதையை ஆண்டுதோறும் ஊர் உட்கார்ந்து கேட்கிறது. உன் புத்தகத்தில் அந்தப் பெண் இறப்பதற்கு முன் எப்படி இருந்தாள் என்பதற்கு எத்தனை பக்கங்கள் வைத்திருக்கிறாய்? அதைச் சொல்.

பதிவு 6 | ஒரு தங்கை

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி. எழுதியதில்லை. என் அண்ணன் பதினோரு ஆண்டுகளுக்கு முன் கொல்லப்பட்டான். வழக்கு மேல்முறையீட்டில் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதுவரை இரண்டு காணொளிகளும் வார இதழ் ஒன்றில் தொடர் கட்டுரையும் வந்திருக்கின்றன. ஒருவர்கூட எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. காணொளி ஒன்றில் என் அண்ணனுடைய திருமணப் படத்தை, என் அண்ணியின் முகம் தெரியும்படி, பின்னணி இசையோடு காட்டினார்கள். என் மகள் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தபோது அவளுடைய தோழி அதைத் தன் போனில் காட்டி, ‘இது உங்க மாமாவா’ என்று கேட்டிருக்கிறாள். அவள் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வக்கீல் சார் சொல்வதுபோல் ஆவணத்தை வைத்து யாரும் எழுதலாம், எங்கள் அனுமதி தேவையில்லை என்பது சட்டமாக இருக்கலாம். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் நீதிமன்ற ஆவணம்தானே? என் அண்ணனுடைய உடம்பில் எத்தனை காயம், எந்தக் காயம் எத்தனை சென்டிமீட்டர் என்பதை அந்தக் கட்டுரையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அதுவரை அந்த எண்ணிக்கை தெரியாது. நாங்கள் சொல்லாமல் வைத்திருந்தோம்.

நிருபர் அண்ணன், நீங்கள் செய்த பிழையைத் திருத்த விரும்புகிறீர்கள் என்பது புரிகிறது. அது உங்களுடைய தேவை. அந்தக் குடும்பத்துக்கு மறுபடி ஒரு புத்தகம் வேண்டுமா என்று கேட்டீர்களா? அந்தச் செய்தியை எழுதியவர் நீங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

பதிவு 7 | எல்லைக்காரன்

தங்கையின் கேள்விக்கு நிருபர் அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆவணங்களைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் சேர்த்துவிடுகிறேன். நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நான் களியக்காவிளைக்காரன். எங்கள் பக்கத்தில் ஒரு குற்றத்தின் காகிதம் இரண்டு மாநிலங்களில் கிடக்கும். 2022 அக்டோபரில் கேரளப் பக்கத்துப் பாறசாலையைச் சேர்ந்த இளைஞருக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்த வழக்கு அனைவருக்கும் தெரியும். கஷாயம் கொடுத்த வீடு குமரி மாவட்டத்தில். அவர் இறந்தது அக்டோபர் 25 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். வழக்கு நடந்தது நெய்யாற்றின்கரையில். மரண தண்டனைத் தீர்ப்பு வந்தது 2025 ஜனவரி 20 அன்று. செயல் நடந்த இடத்திலும் அதன் விளைவு நேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்வதால் அது அங்கே நடந்தது. அதைப் பற்றி ஒருவர் தமிழில் எழுத வேண்டுமானால் மலையாளம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலையாளச் சேனல்களில் வந்ததை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்.

பழைய வழக்குகளுக்கு இது இன்னும் பொருந்தும். 1956 நவம்பர் 1க்கு முன் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. நிலப் பத்திரங்கள் இன்றும் பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கின்றன. உங்கள் வழக்கில் காரணம் வழிப்பாதைத் தகராறு என்கிறீர்கள். அந்தப் பாதை யாருடையது என்பதற்கான மூலப் பத்திரத்தை யாராவது படித்துப் பார்த்தார்களா?

பதிவு 8 | நாகர்கோவில் வக்கீல்

எல்லைக்காரர் கேட்டது முக்கியமான கேள்வி. உரிமையியல் நீதிமன்றத்தில் அந்தப் பாதையைப் பற்றி வழக்கு இருந்திருந்தால் அந்தக் கட்டையும் தேடுங்கள். கொலை வழக்கில் இரண்டு வரியில் முடிந்துவிடும் பகையின் வரலாறு சிவில் கட்டில் இருபது ஆண்டுகளாக நீண்டு கிடக்கும்.

தங்கைக்கு: பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆவணம்தான், சட்டம் தடுக்காதுதான். சட்டம் தடுக்காத எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒலித்திருந்தால் என்னை மன்னியுங்கள்.

பதிவு 9 | கல்குளத்தான்

மூன்று நாட்களாகப் பதில் எழுதாததற்குக் காரணம் தங்கையின் கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்க்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் போனேன். மகளுடைய வழக்கைப் பற்றி எழுத நினைக்கும் பத்திரிகைக்காரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் உள்ளே போய், ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து, அதிலிருந்து நான்காக மடித்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என் முன்னால் விரித்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரியில் அந்தச் சொல் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். விரலை நேராக அங்கே வைத்தார். “இத எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா மக்கா?” என்று கேட்டார். பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும் என்று நினைத்திருக்கிறார். நான்தான் அம்மா என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துண்டை மறுபடி நான்காக மடித்து உறைக்குள் வைத்தார். அவருடைய மகன் என்னை வெளியே போகச் சொன்னார், போய்விட்டேன். மறு மாதம் போனேன், திண்ணையில் உட்கார விட்டார்கள். ஐந்தாவது முறை போனபோது அந்த அம்மா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, மகள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தது, முந்திரி ஆலையில் வேலைக்குப் போனது, முந்திரித் தோல் பாலில் விரல் நுனிகள் கறுத்துப் போய் அதை மறைக்க மருதாணி போட்டுக்கொண்டது என்று சொல்லத் தொடங்கினார். டீச்சர், நீங்கள் கேட்ட பக்கங்கள் அங்கிருந்து வருகின்றன. இப்போது அறுபது பக்கம் ஆகியிருக்கிறது. கொலை நடந்த நாளுக்குப் பதினொரு பக்கம். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இறந்த நேரத்தைப் பற்றிய ஒரே ஒரு வரியை மட்டும்தான். மீதியை, தங்கை எழுதியதைப் படித்த அன்று இரவே நீக்கிவிட்டேன்.

புத்தகம் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டேன். மகன் வேண்டாம் என்றார். அம்மா, அந்தச் சொல் பொய் என்று எழுதுவதாக இருந்தால் எழுது என்றார். இரண்டு பதில்களும் என் முன்னால் இருக்கின்றன, இன்னும் ஒன்றை ஒன்று வெல்லவில்லை. எழுதிய ஒவ்வோர் அத்தியாயத்தையும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். இதைப் பதிப்பாளரிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதி முடிக்கும் வரை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை.

விடுதலையானவரையும் பார்த்தேன். அவர் இப்போது வேறு ஊரில் குத்தகைக்குப் பால் வெட்டுகிறார். பேச விருப்பமில்லை என்றார், கதவைச் சாத்தினார். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அவரைப் பற்றித் தீர்ப்பில் இருப்பது மட்டும் வரும்.

எல்லைக்காரர் கேட்ட மூலப் பத்திரத்தை யாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. இரு வீட்டாரிடமும் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் தேடித் தருவதாகச் சொன்னார்கள், மலையாளத்தில் இருக்கும் என்றார்கள். படித்துச் சொல்ல உங்களால் முடியுமா என்று தனியே எழுதுகிறேன். வக்கீல் சார் சொன்ன சிவில் கட்டைத் தேடவும் மனு எழுதிவிட்டேன்.

நேற்று நகல்களை மறுபடி வரிசைப்படுத்தியபோது, ஏழாவது அரசுத் தரப்புச் சாட்சியின் குறுக்கு விசாரணையில் ஒரு பக்கம் இல்லை என்பதைக் கவனித்தேன். அவர்தான் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவராக, மாறியவர். நான்காம் பக்கம் ‘என்று சொன்னால்’ என்பதோடு நிற்கிறது. அடுத்து இருப்பது ஆறாம் பக்கம். திங்கட்கிழமை காலை நகல் பிரிவுக்குப் போகிறேன்.